ஆறாவது பெயர்

ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த நூற்பாலைக்குப் பெயர் மாறும். கட்டிய நாள் முதல் ஓடாத ஆலை. இதுவரை பழைய பெயரின் மேலேயே சுண்ணாம்படித்துப் புதியதை எழுதிவந்தான் பெயிண்டர் குருநாதன். இம்முறை பழைய பெயர் நிழலாகக்கூடத் தெரியக் கூடாது என்று உத்தரவு. சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறி இரும்புத் தகட்டால் சுரண்டினான்.

வேலை தருவார்கள் என்று நம்பி ஆலைக்கு நிலம் கொடுத்த ராக்காயி கீழே வந்து நின்றாள்.

“இந்த வாட்டி எவன் பேருய்யா?”

“எவன் பேரா இருந்தா உனக்கென்ன? தள்ளி நில்லு.”

“எம் மண்ணுல நின்னுக்கிட்டு என்னையவே தள்ளி நிக்கச் சொல்றியா?”

மரப்பட்டைபோல் தடித்திருந்த ஐந்து பெயர்களையும் துளைத்துக்கொண்டு தகடு உள்ளே போனது. ஓட்டையில் கண்ணை வைத்தான். இயந்திரம் இல்லை, கூரை இல்லை. அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டையின் விளிம்பில் ஒரு செங்கல்கூட இல்லை, வெறும் பெயிண்ட்.

“என்ன முழிக்கிற? செவுரு கரைஞ்சு பத்து வருசமாச்சு” என்றாள் ராக்காயி.

ஜீப்பிலிருந்து அதிகாரி கத்தினார். “மூணு மணிக்கு அமைச்சர் வர்றாரு. எழுதுய்யா.”

ஏணி எதில் சாய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் குருநாதனுக்கு உறைத்தது. காலை அசைக்காமல் முதல் எழுத்தைப் போட்டான்.