நனையாத காகிதம்

கடைசித் திருகாணி மட்டும் கழல மறுத்தது.

ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்தான். கிணற்றின் கடைசிப் படியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். மடியில் அவனே செய்த நீர்மூழ்கி. இரண்டடி நீளம், சாம்பல் நிறம். எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் இருந்தன.

மேலே விளிம்பைச் சுற்றித் தலைகள். மில் மேனேஜர், அவர் சம்சாரம், அவனோடு எலக்ட்ரிகலில் வேலை செய்கிற ஏழெட்டுப் பேர். மேனேஜரின் தோட்டம், மேனேஜரின் கிணறு. நானூறு பேர் வேலை செய்கிற மில்லில் அவருக்கு இவன் பெயர் தெரிந்ததே இந்த நீர்மூழ்கியால்தான். வேடிக்கை பார்க்க வாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டவனும் இவன்தான்.

நான்கு படி தள்ளி ஆறுக்குட்டி நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். லாரி ட்யூபை அறுத்து நீர்மூழ்கியின் மூடிக்கு வளையம் செய்து கொடுத்தவர். காற்றடித்து, கடைத் தொட்டியில் முக்கி, அரை மணி நேரம் குமிழ் வருகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தவர். சற்று முன் இருபதடி ஆழத்துக்கு முங்கி அதை எடுத்து வந்தவரும் அவர்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நீர்மூழ்கி கிணற்றை இரண்டு சுற்று சுற்றியது. கைதட்டினார்கள். ரிமோட்டில் பொத்தானை அழுத்தியதும், வயிற்றிலிருக்கும் ரப்பர் பைக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு சமர்த்தாக முங்கியது.

பையைக் காலி செய்தால் மேலே வர வேண்டும்.

அழுத்தினான். மறுபடி அழுத்தினான். வரவில்லை.

"என்னப்பா, வருமா வராதா?" மேனேஜர் மேலிருந்து கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் அவன் வாயிலிருந்து அது வந்தது.

"ரப்பர் வேலை அந்தப் பஞ்சர் கடை ஆளுதுங்க சார். தண்ணி உள்ள பூந்திருக்கும்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கிணற்றுக்குள் சொல்வது எதுவும் மெதுவாக இருப்பதில்லை. மேலே எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு அவனைப் பார்த்து இல்லை.

மூன்று மாதமாக அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டு வந்தான். அந்த ஆள் என்று சொன்னது இன்றைக்குத்தான்.

ஆறுக்குட்டி இதைப் பார்ப்பதற்கென்றே தேய்த்துப் போட்டு வந்த சட்டையைக் கழற்றிப் படியில் மடித்து வைத்தார். குதித்தார்.

திருகாணி கழன்றது.

மூடியைத் திறந்தான்.

உள்ளே நாளிதழ்த் துண்டு. ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று ஆறுக்குட்டியே நேற்று மடித்து வைத்தது. ஜவுளிக்கடை விளம்பரம். பட்டுப்புடவை கட்டிய பெண் மை கலையாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோள் துண்டில் கையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தான். மொரமொரவென்று இருந்தது.

பொட்டுத் தண்ணீர் இல்லை.

அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிவதென்ன, முன்பே தெரியும். பழைய ரிமோட்டின் அலைதான் தண்ணீருக்குள் இறங்கும். புதிய ரிமோட் ஒரு முழ ஆழத்தோடு சரி. படித்திருக்கிறான், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறான். ஆனாலும் போன வாரம் மாற்றினான். கறை பிடித்த பழைய பெட்டியை, நீளமான ஆண்டெனாவோடு தூக்கிக்கொண்டு மேனேஜர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுத் தொட்டியில் ஓடிற்றே என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான்.

"என்னாச்சுன்னு சொல்லுப்பா. தண்ணியா?" மேலிருந்து மேனேஜர்.

ஒரு வார்த்தை போதும். கிணறு மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஆறுக்குட்டி அந்தப் பக்கம் திரும்பித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

அவன் கை தண்ணீருக்குள் போனது. ஒரு கை அள்ளி நீர்மூழ்கிக்குள் விட்டது.

காகிதம் அவ்வளவு தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டது.

அதைத் தூக்கிக் காட்டினான். சொட்டியது. மேலே உச்சுக் கொட்டினார்கள். பாவம், எத்தனை மாச உழைப்பு என்றது ஒரு பெண் குரல். தன்னை நினைக்கவே அவனுக்குக் கூசியது.

ஆறுக்குட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காகிதத்தைப் பார்த்தார். மூடியின் வளையத்தில் கட்டை விரலை ஒரு சுற்று ஓட்டினார், ட்யூபில் முள் தேடுகிற மாதிரி. பிறகு குனிந்து, கிணற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"எடுத்துட்டு வர்றப்பவே காதோரம் வெச்சு ஆட்டிப் பாத்தனுங்க தம்பி. உள்ள தண்ணிச் சத்தமே இல்லீங்க."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இனியாச்சும் நல்ல ஆளாப் பாத்துக் குடுப்பா." மேனேஜரின் குரல் இறங்கி வந்தது.

ஆறுக்குட்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை. என்ன சொல்கிறான் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

"சரிங்க சார்" என்றான்.

கிணறு அதை இன்னொரு முறை உரக்கச் சொன்னது.

ஆறுக்குட்டி தலையாட்டிக்கொண்டார். மூடியிலிருந்து வளையத்தை மெல்ல உருவினார். துண்டில் துடைத்தார். சட்டையை எடுத்து மாட்டி, வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு படி ஏறினார்.

அவன் மூடியை வைத்து அழுத்திப் பார்த்தான். ஒரு நூல் இடைவெளி தெரிந்தது.

அவர் பாதிப் படியில் இருந்தார். அண்ணா என்று நாக்கு நுனி வரை வந்தது.

கூப்பிட்டால் மேலே எல்லோருக்கும் கேட்கும்.