பழைய மாடலே போதும்

பெங்களூரில் பிராசஸர் சிப் வடிவமைக்கும் துர்காதேவி, காரைக்குடி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பொருத்தப்போகும் பேஸ்மேக்கரின் பெயரைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

“இந்தப் புது மாடல் வேண்டாம் டாக்டர். பழசையே வைங்க.”

“ஏம்மா? இதுல உள்ள சிப் மாதிரி இன்னும் யாரும் கொண்டுவரலையே.”

படுக்கையில் இருந்த அப்பா சேவுகப்பெருமாள் சிரித்தார். “போட்டிக் கம்பெனிக்காரன் செஞ்சதுன்னா இவளுக்குப் பொறுக்காது. நீங்க வைங்கய்யா.”

டாக்டர் சம்மதப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். துர்கா பேனாவை வாங்கவில்லை.

“போட்டிக் கம்பெனியோடது இல்லப்பா. அந்தச் சிப்பைச் செஞ்சதே நான்தான். அவுக வெளியிடுறதுக்குள்ள முந்தணும்னு, கடைசிச் சோதனையை நடத்தாமலே அனுப்பிட்டோம்.”

டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“காலையிலதாம்மா, இதே மாடல் வச்ச ஒருத்தரை மானகிரியில உள்ள வீட்டுக்கு அனுப்பினேன்.”