இன்னொரு தடவை

"எனக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு என்கிட்டயே கேக்கறாங்க, மலைச்சாமி" என்று காரில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினாள் செலினா டீச்சர்.

மதுரையில் தேர்வு முடிந்த நிமிஷத்தில் ஆரம்பித்த புலம்பல் அது. வத்தலக்குண்டு நெருங்கியும் ஓயவில்லை.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. செலினா பிறந்ததிலிருந்து வீட்டில் இங்கிலீஷ்தான். அம்மா தாலாட்டியதும் இங்கிலீஷில், அப்பா பெல்ட்டைக் கையில் எடுத்ததும் இங்கிலீஷில். ஜெபம் பண்ணுவது, கனவு காண்பது, கணவரோடு சண்டை போடுவது எல்லாம் அதில்தான். கொடைக்கானலில் இருபத்திரண்டு வருஷமாக அதையே பாடமாகவும் நடத்துகிறாள். தமிழைத்தான் கடைத்தெருவில் பொறுக்கிச் சேர்த்தாள்.

கணவர் ரெக்ஸ் நியூசிலாந்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் செலினாவுக்கும் வேலை தயார். ஆனால் விசா வேண்டுமென்றால், இங்கிலீஷ் தெரியும் என்று சான்றிதழ் வேண்டும். பேச்சில் ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண் எடுத்தாக வேண்டும். போன தடவை வந்தது ஆறரை. இந்த மாசக் கடைசிக்குள் காகிதம் வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கிருந்து கடிதமும் வந்துவிட்டது.

போன தடவை அவளைக் கவிழ்த்தது ஒரு தொப்பி. உங்களுக்குத் தொப்பி போடப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். பிடிக்காது என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாள். பிடிக்காத தொப்பியைப் பற்றியும் அரை நிமிஷம் அளக்க வேண்டும் என்ற சூட்சுமம், கோச்சிங் சென்டருக்குப் போனவர்களுக்குத்தானே தெரியும்?

இன்றைக்குக் கேட்டது ஊரில் பிடித்த இடம். விடவில்லை டீச்சர். ஏரியில் ஆரம்பித்து, சீசன் கூட்டம், அவர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பை, மூன்று மணி நேரம் நகராத வண்டிகள் என்று கொதித்துக்கொண்டே போனாள். தேர்வு வைத்தவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"பன்னெண்டு நிமிஷம், மலைச்சாமி. என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஒரு ஆள், பன்னெண்டு நிமிஷம் பேசிட்டு இந்தம்மா தேறுமா தேறாதான்னு முடிவு பண்ணிட்டாரு. ரெக்ஸ் அங்க ஒத்தையில கெடக்கறது அவருக்கு எங்க தெரியப் போகுது?"

"தப்புதாங்க டீச்சர்" என்றார் மலைச்சாமி.

வழக்கமாக வரும் டிரைவர் ஊரில் இல்லை. அவர் அனுப்பிவைத்த ஆள் இந்த மலைச்சாமி. சீசனில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறவர். வெள்ளனே வந்து வாசலில் நின்றார், தேர்வு முடியும்வரை மதுரை வெயிலில் காத்துக் கிடந்தார். போகும்போதும் வரும்போதும் காது கொடுத்துக் கேட்டாரே தவிர, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்களில் இப்படி ஒரு ஜென்மமா என்று டீச்சருக்கே ஆச்சரியம்.

வத்தலக்குண்டில் அவரே இறங்கிப் போய் டீயும் வடையும் வாங்கி வந்தார். கொடுக்கும்போது, இந்தத் தடவை டீச்சர் தேறிவிட்டால் பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஜெபமாலையும் கையுமாக இருக்கிற தனக்காக, யாரோ ஒரு டிரைவர் முருகனிடம் போய் நிற்கப் போகிறார். கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு நினைக்கவில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் மலைச்சாமி முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

"இதும் சரியா வரலைன்னா, இன்னொரு தடவ எழுத விடுவாங்களா டீச்சர்?"

"எத்தனை தடவ வேணும்னாலும் எழுதலாம். அடுத்த வாரமே தேதி இருக்கு. அதுக்காக நான் எத்தனை தடவ இப்படி மலையிறங்கி ஓடறது?"

"அப்பப் பரவால்லீங்க. மனச விட்றாதீங்க. என்னைய ஒரு தடவதான் கேட்டாங்க. நாள்பூராம் வெள்ளக்காரங்களோட பேசுறவன், அன்னைக்குன்னு நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. இன்னொருக்கா கேளுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். அப்படி வழக்கமில்லைன்னுட்டாங்க."

செலினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏதோ பெரிய ஹோட்டலில் டிரைவர் வேலைக்குப் போயிருப்பார் போலிருக்கிறது. தனக்கு நடந்ததைவிட இது பெரிய அநியாயமாகப் பட்டது அவளுக்கு. வண்டியைப் பதமாக ஓட்டுகிறாரா, வந்தவர்களிடம் பணிவாக இருக்கிறாரா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இவர் இங்கிலீஷை நிறுத்துப் பார்க்க எவருக்கு என்ன உரிமை?

"எந்தக் கம்பெனி அது? பேரைச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் பேச்சு வரலைன்னா ஆளே லாயக்கில்லைன்னு ஆயிருமா? உங்களைக் கேட்டது யாரு? நானே போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறேன்."

எதிரே ஒரு பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மலைச்சாமி காரை ஓரங்கட்டி, அது கடந்து போகும்வரை காத்திருந்தார்.

"கம்பெனியெல்லாம் இல்லீங்க டீச்சர். எம்மக தேவசேனாவ உங்க ஸ்கூல்ல எல்கேஜி சேக்க வந்திருந்தோம். அப்பா அம்மாவுக்கும் இன்டர்வியூன்னு உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேள்வி கேட்டது நீங்கதாங்க."