பொம்மைக் காரின் மைலேஜ்

தம்பி கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்ததுமே தையல்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே இருந்தது ரிமோட்டில் ஓடுகிற சிவப்புப் பொம்மைக் கார்.

பதினாறு சக்கர லாரியை மலைப்பாதையில் ஒற்றைக் கையால் வளைத்தவர் அவள் வீட்டுக்காரர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். நடக்கச் சொன்னால், லாரியில் போன தெருவில் நடந்துபோய் நாலு பேர் விசாரிப்புக்குப் பதில் சொல்ல முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனுஷன் கையில் பொம்மையா?

தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். "மாமாவைக் கிண்டல் பண்றியாடா?"

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி அசடு வழிந்தான். மாமாவுக்குப் பொழுது போகட்டுமே என்றுதான் வாங்கினேன் என்றான்.

இருவரும் திரும்பி வந்தபோது நாற்காலி காலி. வாசலில் ரிமோட்டும் கையுமாக நின்றிருந்தார் டிரைவர். கார் பக்கத்து வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. அங்கேயே மூச்சை விட்டுவிட்டது.

தையல்காரி காரைக் கவிழ்த்துப் பார்த்தாள். கட்டைவிரல் தண்டிக்கு ஒரு பேட்டரி. இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடக்கூடாதா என்று கேட்டதற்கு, இந்தக் காருக்கு இவ்வளவுதான் என்று தம்பி நழுவிவிட்டான். இவனைத் தோளில் தூக்கி வளர்த்த மாமாவுக்கு வாங்குவதில்கூடக் கஞ்சத்தனமா என்று அவள் மனசு கசந்தது.

டிரைவருக்கோ வேறு எதுவும் காதில் விழவில்லை.

"பேட்டரியைக் குறை சொல்லாதே. ஓட்டறவன் ஒழுங்கா ஓட்டினா வண்டி ஓடும்."

வீட்டுக்குள் வெள்ளோட்டம் விட்டதில் தையல் மிஷினடியில் கிடந்த நூலெல்லாம் சக்கரங்களில் சுற்றியிருந்தது. அதை ஊசியால் நெம்பி எடுத்தார். மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். காரின் பின்பக்கம் அழகுக்கு வைத்திருந்த றெக்கையையும் விளக்குகளையும் கழற்றிப் போட்டார். வெட்டி லோடு எதற்கு என்றார். டயர் உரசாமல் ஸ்குருவைத் திருகினார்.

ராத்திரி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி விட்டதும், மறுநாள் கார் லாண்டிரிக் கடையைத் தொட்டது. ரிமோட்டுக்கு எட்ட வேண்டுமே, இவரும் பின்னாலேயே போனார்.

அதற்கப்புறம் கை பழகியது. சடசடவென்று அழுத்தினால் டீசல் குடிக்கிற மாதிரி இதுவும் குடிக்கும். மெதுவாக எடுத்து, சரிவு வந்தால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன் பாடம் நடத்தினார். தட்டைக் காலி செய்த பிறகும் நடத்தினார். கார் சலூனைத் தாண்டியது. பள்ளிக்கூடச் சுவரைத் தொட்டது. முகத்தில் சோப்பு நுரையோடு ஆட்கள் சலூன் வாசலுக்கு வந்து, இன்றைக்கு எதுவரைக்கும் என்று கேட்டார்கள். விசாரிப்புக்குப் பயந்தவர் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

ஒருநாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார்.

"இன்னைக்கு லாரி ஷெட்."

அவள் திக்கென்று நிமிர்ந்தாள். ஷெட்டுக்குப் போகிற வழி நல்ல ஏற்றம். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? பாதி தைத்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

ஏற்றத்தில் கார் திணறியது. அவள் காரைப் பார்க்கவில்லை, அவர் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டு போனாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. லோடு லாரியைக் கொண்டுபோகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வளைத்து வளைத்து ஏற்றினார். பாதியில் ஒரு மரநிழலில் நிறுத்தினார்.

"இஞ்சின் சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

காரோடு சேர்ந்து அவரும் ஆறினார். பிறகு மறுபடி கிளம்பியது. ஆமை வேகம். சலூன்காரர் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். லாண்டிரிக்காரர் கையைத் தட்டினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தானும் முணுமுணுப்பது தையல்காரிக்கே தெரியவில்லை.

ஷெட் வாசலில் முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது. அதோடு சரி, கார் நின்றுவிட்டது.

லாரிக்கடியில் படுத்திருந்தவர்களெல்லாம் ஸ்பேனரோடு ஊர்ந்து வெளியே வந்தார்கள். "அண்ணே, நீங்களா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. தினமும் வந்து புதுப் பையன்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்கள் என்று முதலாளியே நாற்காலி இழுத்துப் போட்டார்.

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகத் தம்பி கடைக்குப் போனாள். சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி.

"அந்த மட்டமான பேட்டரியை வச்சே மனுஷன் ஷெட் வரைக்கும் போயிட்டார்டா. ஒரு நல்லதா வாங்கிக் கொடுத்திருந்தா முதல் நாளே போயிருப்பாரே. உனக்கு ஏன் மனசு வரல?"

தம்பிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கை நிறைய ஒரு பேட்டரியை எடுத்து அவள் முன் வைத்தான்.

"காரோட வந்தது இதுதான்க்கா. நான்தான் கழட்டிட்டுச் சின்னதை மாட்டினேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மாமாவைக் கொஞ்சம் கொஞ்சமாத்தானே தூரத்தைக் கூட்டி நடக்கச் சொன்னார் டாக்டர்?"