கொத்தமல்லி வாசனை

"உன் சாப்பாட்டை யாருப்பா சூடு பண்ணித் தர்றாங்க?" என்று ஹசிந்தோவின் மகள் யமிலே ஒருநாள் கேட்டாள்.

மதியம் டப்பாவைத் திறந்தால் ஆவி பறக்கிறது என்று அவன் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி. யாரும் இல்லை, பை நல்ல பை என்று சொல்லிவிட்டான்.

அக்டோபரில் அதை நினைக்க அவனுக்கு நேரமில்லை. லிமா நகரமே கிறிஸ்துமஸ் இனிப்பு ரொட்டியான பனெத்தோனுக்குக் காத்திருந்தது. அவன் வேலை செய்யும் தொழிற்சாலையிலோ, ரொட்டி அச்சுகளை அடுப்புக்குக் கொண்டுபோகும் பல் பெல்ட் ஒட்டிய இடத்திலேயே பிரிந்து பிரிந்து நின்றது.

பெல்ட்டுகளை ஒட்டுவது ஹசிந்தோவின் வேலை. மதிய இடைவேளையில் மெஷின் நிற்கும்போது ஒட்டுவான். ஒட்டு ஆறும் நேரத்தில் சாப்பிடுவான்.

அடுப்பு பார்க்கும் வில்பர் சும்மா இருப்பானா? "மச்சான், என் ரெண்டாவது கல்யாணமே இதைவிட நாள் தாங்கிச்சுடா."

மேலாளர் சாவேத்ரா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை பிரிந்தால் வெளியாட்களைக் கூப்பிடுவேன், நீ வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

சக்கரங்கள் நேராக இருந்தன. இழுப்பு சரி. ஒட்டும் பிரஸ்ஸின் சூடும் சரி, ஆறவிட்ட நேரமும் சரி.

பிரிந்த முனையை வெளிச்சத்தில் பிடித்தான். விரல் விரலாக வெட்டிக் கோத்து, உருக்கி ஒட்டிய இடம். இழுபட்டுக் கிழிந்திருந்தால் பிசிறு இருக்கும். இது வழவழவென்று கழன்று வந்திருந்தது. நடுவில் ஏதோ எண்ணெய்.

பிரஸ் தட்டின் பள்ளங்களில் விரலை விட்டுத் துழாவி முகர்ந்தான்.

கொத்தமல்லி. அவன் மனைவி கொத்தமல்லி அரைத்துச் செய்து கட்டித்தரும் பச்சை நிறக் கோழிச் சோறு.

மறுநாள் இடைவேளைக்கு முன் வழக்கம்போல பிரஸ்ஸைச் சூடேறப் போட்டான். போகிறவன்போலப் போய், மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

கூட்டிப் பெருக்கும் எர்மெலிந்தா அக்கா வந்தாள். அக்டோபர் மாதம் ஏசுவுக்கு நேர்ந்துகொண்டு உடுத்தும் ஊதா அங்கி, மேலே ஏப்ரன். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, அவன் பையிலிருந்த டப்பாவை எடுத்துத் தட்டின்மேல் வைத்தாள். அதன்மேல் விரலால் சின்னதாய் ஒரு சிலுவை போட்டாள். சூடேறும்வரை காத்து நின்றாள். மூடியோரம் எண்ணெய் கசிந்ததை அவள் பார்க்கவில்லை.

இடைவேளையிலும் வேலை செய்கிறவன் ஆறிப்போனதைத் தின்னக் கூடாது என்று இந்தத் தொழிற்சாலையில் ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து தின்னும் அவித்த கிழங்கு தினமும் ஆறித்தான் கிடக்கும். அதை அங்கே வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் போனதும் தட்டைப் பள்ளம் பள்ளமாகத் துடைத்தான். அன்று போட்ட ஒட்டு அந்த வாரம் முழுக்க நின்றது.

என்ன கோளாறு என்று சாவேத்ரா கேட்டார்.

"தட்டுல அழுக்கு, சார். நான்தான் சரியாத் துடைக்கல."

அப்படியே என் வீட்டுக்கும் ஒரு ஒட்டுப் போட்டுக் கொடு என்றான் வில்பர்.

திங்கட்கிழமை பிரஸ்ஸின்மேல் ஒரு தகரத் தட்டம் வந்து உட்கார்ந்தது, எதுவும் கசியாதபடி விளிம்பு மடித்தது. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எர்மெலிந்தா அடுப்படியைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரம், துடைப்பங்களுக்குப் பின்னால் இருந்த அவளுடைய துணி மூட்டையை ஹசிந்தோ அவிழ்த்தான். கிழங்கு டப்பாவைத் தட்டத்தில் வைத்தான். கொஞ்சம் கூச்சத்தோடு அவனும் ஒரு சிலுவை போட்டான்.

ஆவி கிளம்பியதும் எடுத்துக்கொண்டுபோய், அவள் போட்டிருந்த முடிச்சைப் போலவே முடிந்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.