வாசலில் நின்ற வடிகட்டி

வசுமதி தன் பழைய கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் அமைத்தாள். விளம்பரங்கள் வந்து குவியவே, அதன் வாசலில் ஒரு வடிகட்டியை நிறுத்தி, "தெரியாத யாரையும் உள்ளே விடாதே" என்றாள்.

ஒரு நாள் புது முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து நின்றது.

"நான் வசுமதியோட தம்பி குமரவேல் அனுப்பின மெயில். அக்காகிட்ட சண்டை போட்டு வெளிநாடு போனவர் இப்போ ஊருக்கு வந்திருக்கார். அக்கா கூப்பிட்டா வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிடுவார்."

"உன் முகவரி எனக்குத் தெரியாதே" என்றது வடிகட்டி.

"பாவம், விட்டுடேன்" என்று சர்வர் கெஞ்சியது.

"அவ சொன்னதை நான் மீற மாட்டேன்" என்று வடிகட்டி அதைக் குப்பையில் தள்ளியது.

அடுத்த மாதம் குப்பையைக் காலி செய்ய வந்த வசுமதி அதைப் படித்தாள். பிறகு அழுதுகொண்டே பதில் எழுதினாள். சர்வர் அதை உடனே கொண்டுபோய்ச் சேர்த்தது.

"தம்பிகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?" என்று சர்வர் தினமும் கேட்டது.

"இல்லை" என்றது வாசலில் நின்ற வடிகட்டி.

அதன்பின் வடிகட்டி யாரையும் தடுக்கவில்லை. வந்து குவியும் விளம்பரங்களை வசுமதி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.