விரிசல் புறப்பட்ட இடம்

இறந்துபோன மனிதர், ஒன்பதாம் நாள் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லாகின் செய்திருந்தார்.

முதலில் பார்த்தது, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சர்வர்காரர். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அதே பெயர். காலை எட்டு இருபது. லாகின் செய்ததோடு விட்டாரா, ஒரு பெரிய கணக்கையும் ஓடவிட்டிருந்தார்.

இரும்பு எப்படி உடைகிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. எவ்வளவு பெரிய தூணாக இருந்தாலும், ஓர் அணு பக்கத்து அணுவின் கையை விடுவதில்தான் முறிவு ஆரம்பிக்கிறது. அணு, அதைவிடப் பெரிய துகள், அப்புறம் முழு இரும்பு என்று படிப்படியாகக் கணக்குப் போட்டு, விரிசலைத் திரையிலேயே ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அந்த புரோகிராமை எழுதியவர்தான் இறந்துபோனவர்.

இரும்பை இழுத்துச் சோதிக்கும் மெஷினின் கை முறிந்து அவர் மேல் விழுந்திருந்தது. ‘அளவுக்கு மீறி பாரம் ஏற்றினார். அவருடைய கவனக்குறைவு’ என்று எழுதி, விசாரணைக் குழு நாளை ஃபைலை மூடப்போகிறது.

கணக்கு ஓடத் தொடங்கிய இந்த இரண்டு வாரமாக அவருடைய அறையைப் பெருக்கக்கூட ஆள் போவதில்லை. கணக்கு ஒரு படி ஏறும்போதெல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும்.

“இந்தப் படி முடிஞ்சுது. பெரிய அளவுக்குப் போறேன்.”

டீ குடிக்கப் போனாலும் காதில் விழட்டும் என்று உயிரோடு இருந்தபோது அவரே பதிந்து வைத்த குரல்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்? கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டது.

“பேயுமில்ல, பிசாசுமில்லக்கா. எல்லாம் மைக்ரான் வேலை” என்று சர்வர்காரர் இறந்தவரின் மனைவிக்கு போன் செய்தார்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான்; அதுதான் ஆய்வுக்கூடத் தலைவருக்கு எல்லோரும் வைத்த பெயர். முடியளவு பிசகினாலும் தையத்தக்கா என்று குதிப்பார்.

“ரூம் சாவி அவர்கிட்டதான் இருக்கு. அண்ணன் பேர்லயே எதையோ திரிச்சு, அண்ணன் மேலதான் தப்புன்னு நிரூபிக்கப் பார்க்கிறாரு. நாளைக்குக் குழு முன்னாடி வைக்கப்போறாராம். வந்து ரெண்டுல ஒண்ணு கேளுங்க.”

அந்த அம்மாள் தையல்காரர். வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். “அப்பாவாலதான் மெஷின் உடைஞ்சுதாமே? ஸ்கூல்ல சொல்றாங்க” என்று மகள் வேறு கேட்டிருந்தாள்.

தட்டியதும் மைக்ரானே கதவைத் திறந்தார். சவரம் செய்து பல நாளாகியிருந்தது.

உள்ளே ஏசி குளிர். மேஜை மேல் முறிந்த இரும்புக் கை. திரையில் அதே கை, முழுசாக. அதன் நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

அந்த அம்மாள் பார்க்கப் பார்க்கக் கோடு நகர்ந்தது.

மேஜை மேலிருந்த இரும்பில் முறிவு ஓரிடத்தில் இடதுபக்கம் வளைந்து மேலே ஏறியிருந்தது. திரையில் கோடும் அதே இடத்துக்கு வந்தது. கொஞ்சம் நின்றது. இடதுபக்கம் வளைந்தது.

“இந்தப் படி முடிஞ்சுது. பெரிய அளவுக்குப் போறேன்.”

கணவரின் குரல். அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்துங்க சார் இதை!”

“இன்னும் அரை மணி நேரம்தான்மா.”

“போன மனுஷனை இன்னும் எதுக்கு சார் வேலை வாங்குறீங்க? இதைப் போட்டது நீங்கதானே?”

“நான்தான்.”

“அப்போ உங்க பேர்ல போட வேண்டியதுதானே? அவர் பேர் எதுக்கு?”

“இது அவர் கண்டுபிடிச்சதா இருக்கணும்மா. வாயால சொன்னா யாரும் நம்பல.”

“செத்தவரையே சாட்சிக்கு இழுத்து, தப்பை அவர் தலையிலயே கட்டப் பார்க்கிறீங்க. நல்லா இருப்பீங்களா?”

மைக்ரான் திரையைப் பார்த்தபடியே இருந்தார். அந்த அம்மாளும் பார்த்தார். அழுகைக்கு நடுவிலும் தொழில்புத்தி போகவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்து, அது வந்த வழியே பின்னால் நகர்த்தினார்.

“துணி தானா கிழியாது சார். எங்கேயாவது கத்தரி பட்டிருக்கும். இது எங்கேருந்து கிழிய ஆரம்பிச்சுது?”

மைக்ரான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கினார். கோடு புறப்பட்ட இடத்தில் வட்டமாக ஒரு சின்னத் துளை.

“மூணு மில்லிமீட்டர். சென்சார் மாட்டப் போட்டது. இந்தத் துளை இல்லாமலும் ஓட்டிப் பார்த்தேன். அவர் வெச்சதைப் போல ரெண்டு மடங்கு பாரத்தை அந்தக் கை தாங்குது.”

“அப்போ... அவர் மேல தப்பில்லையா?”

“இல்லவே இல்லம்மா.”

அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“துளை போட்டது யாரு?”

“நான்தான் போடச் சொன்னேன். இன்னும் துல்லியமா அளக்கணும்னு. அவர் வேண்டாம்னுதான் சொன்னார்.”

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் வாய்வரை வந்தது. “அன்னிக்கே குழுகிட்ட சொல்லியிருக்கலாமே சார்!”

“சொன்னேம்மா. ‘இவ்வளவு சின்னத் துளையாலயா? பரிதாபப்பட்டுப் பழியை ஏத்துக்காதீங்க’ன்னு சிரிச்சாங்க. என் பேச்சைத்தான் நம்பல. நாளைக்கு அவர் எழுதின கணக்கை நம்பித்தானே ஆகணும்?”